நூல் எந்தப் பக்கம்?

அக்டோபர் 12, ஞாயிறு, தக்கலை

விடாத மழை. அக்கா மகள் கம்பளி நூலும் இரண்டு பின்னல் ஊசியும் இருக்கும் பையோடு வந்தாள். டெல்லியில் இருக்கும் அண்ணனுக்கு மஃப்ளர் போடுகிறாள், குளிருக்கு முன் அனுப்ப வேண்டுமாம். "சித்தி, குறிப்புல ஒரு கண்ணியை ஸ்லிப் பண்ணுன்னு மட்டும்தான் இருக்கு. நூலை எங்க வைக்க?"

அவள் அதைக் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஸ்லிப் என்றால் கண்ணியை, அதாவது ஊசியில் இருக்கும் நூல் வளையத்தை, பின்னாமல் இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு மாற்றுவது. ஆனால் நூல் அந்தக் கண்ணியைத் தாண்டித்தானே அடுத்ததற்குப் போக வேண்டும்? முன்னால் போனால் நம்மைப் பார்க்கும் பக்கத்தில் சின்னக் குறுக்குக் கோடு விழும். பின்னால் போனால் கோடு மறுபக்கம் ஒளிந்துகொள்ளும். அந்தக் கோடு வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. குறிப்பில் அதை எழுதாமல் விடுவது பாதி வேலையைச் சொல்லாமல் விடுவதுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஊசி நுழையும் விதம். வேறு எதுவும் சொல்லாவிட்டால் பர்ல் போடுவதுபோல் (நூல் முன்னால் இருக்க, ஊசியை வலமிருந்து இடமாக விடும் பின்னல்) நுழைத்து மாற்ற வேண்டும். கண்ணி திரும்பாமல் அப்படியே வரும். நிட் போடுவதுபோல் (நூல் பின்னால் இருக்க, ஊசியை இடமிருந்து வலமாக விடும் பின்னல்) நுழைத்தால் கண்ணி திரும்பி உட்காரும், அடுத்த வரிசையில் வழக்கம்போலப் பின்னினால் முறுக்கிக்கொள்ளும். இரண்டு கண்ணியை ஒன்றாக்கி இடப்பக்கம் சாய்ப்பது போன்ற இடங்களில் இந்தத் திருப்பம் வேண்டும்: ஒவ்வொன்றாகத் திருப்பி மாற்றி, பின்கால் (வளையத்தில் ஊசிக்குப் பின்னால் இருக்கும் பாதி) வழியாகச் சேர்த்துப் பின்னுவது.

அக்டோபர் 18, சனி

மஃப்ளருக்கு லினன் ஸ்டிச் என்று முடிவானது. துணி நெய்ததுபோல் இருக்கும், ஓரம் அவ்வளவாகச் சுருளாது. கண்ணிகள் இரட்டைப்படையில். நல்ல பக்கத்தில் ஒரு நிட், நூலை முன்னால் கொண்டுவந்து ஒரு ஸ்லிப், நூல் மறுபடி பின்னால். உள்பக்க வரிசையில் ஒரு பர்ல், நூலைப் பின்னால் தள்ளி ஒரு ஸ்லிப், நூல் மறுபடி முன்னால். இரண்டிலும் கோடு நல்ல பக்கத்தில்தான் விழுகிறது, அதுதான் இதன் அழகு.

அவள் ஊசியில் கண்ணி கூடிக்கொண்டே போனது. கவனித்தால், நூல் ஊசிக்கு மேலாக ஏறி வருகிறது. "இரண்டு ஊசி முனைக்கும் நடுவுல கொண்டுவா மக்ளே" என்றேன். சரியாகிவிட்டது. ஸ்லிப் கண்ணிகள் துணியை இறுக்கும், அதனால் தடித்த ஊசிக்கு மாற்றச் சொன்னேன்.

19ஆம் நூற்றாண்டில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு ரேந்தை (லேஸ் பின்னல்) கற்றுக்கொடுத்தார். அந்த வேலையிலும் எந்த நூல் எதன் மேலே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கவனம் பழையது.

அக்டோபர் 25, சனி

அடுத்தது மொசைக் பின்னலில் ஒரு தொப்பி கேட்கிறாள். இரண்டு நிறம், ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசை, ஒரு வரிசையில் ஒரே நூல்தான் கையில். மற்ற நிறக் கண்ணிகளை ஸ்லிப் செய்துகொண்டே போக வேண்டும். இங்கே கோடு நல்ல பக்கம் தெரியவே கூடாது: நல்ல பக்கம் பின்னும்போது நூல் பின்னால், உள்பக்கம் பின்னும்போது நூல் முன்னால். இதை அவளே யோசித்துச் சொன்னாள். மார்த்தாண்டம் போகும்போது கறுப்பும் மஞ்சளும் வாங்க வேண்டும்.