நடுவர் பார்க்காதபோது யார் முடிவெடுப்பது?

பல்கலைக்கழக அணிகளில் விளையாட்டுப் பண்பு பற்றிப் பேச்செடுத்தாலே அது குணச் சான்றிதழில் போய் நிற்கும்: இவர் நல்ல பிள்ளை, அவர் முரடர். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. பந்து தன் விரலில் உரசியதை வாலிபால் வீரர் தானே ஒத்துக்கொள்கிறாரா என்பதில், அவர் வழக்கமாக எப்படி முடிவெடுக்கிறார் என்பதற்கும் பெரிய பங்கு உண்டு.

அதை அளக்க அதிகம் கையாளப்படுவது 1997-இல் உளவியலாளர் லியோன் மான் குழுவினர் வெளியிட்ட மெல்போர்ன் கேள்வித்தாள். மொத்தம் 22 வாக்கியங்கள். நிதானமாக அலசுவதற்கு 6, பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவதற்கு 6, தள்ளிப்போடுவதற்கு 5, பதறி முடிவெடுப்பதற்கு 5. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். ஆக முதல் இரண்டின் உச்சம் 12, மற்ற இரண்டின் உச்சம் 10. இதைக் கவனிக்காமல் மொத்தங்களை அப்படியே ஒப்பிட்டால் கணக்கு கோணலாகும். வாக்கிய எண்ணிக்கையால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

பயிற்சியாளர்கள் பதறுபவரைத்தான் கண்டிப்பார்கள். நான் கண் வைக்கச் சொல்வது பொறுப்பைத் தள்ளுபவர் மேல். "கேப்டன் சொன்னார்", "நடுவர் விசில் ஊதவில்லையே" என்பவர் பார்வைக்குக் கட்டுப்பாடானவர். பதறியவருக்குத் தவறு செய்தோம் என்றாவது பிறகு உறைக்கும். இவரோ அங்கே தான் ஒரு முடிவை எடுத்ததாகவே நினைப்பதில்லை.

விளையாட்டுப் பண்பை அளக்க உளவியலாளர் வல்லரான் குழுவினரின் 25 வாக்கிய அளவுகோல் இருக்கிறது, அதுவும் 1997-தான். முழு ஈடுபாடு, சம்பிரதாய மரியாதை, விதிக்கும் நடுவருக்கும் மதிப்பு, எதிராளிக்கு மதிப்பு, எதிர்மறை அணுகுமுறை என ஐந்து பிரிவு, தலா 5 வாக்கியம். கடைசிப் பிரிவில் கூடுதல் மதிப்பெண் என்றால் பண்பு குறைவு; அதைத் திருப்பிப் போடாமல் எல்லாவற்றையும் கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கூட்டுவதே தேவையில்லை என்பேன்: பயிற்சிக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வருபவர் எதிராளியை மதிப்பார் என்று என்ன நிச்சயம்?

தாளைப் பயிற்சியாளரே கொடுத்து, பெயர் எழுதி வாங்கினால் அணி முழுக்க மகான்கள்தான். பெயர் வேண்டாம், அவர் அறையிலும் வேண்டாம். இரண்டு தாளையும் ஒரே நாளில் நிரப்பவைத்துக் கிடைக்கும் தொடர்பு, எது காரணம் எது விளைவு என்று சொல்லாது. உடல் மோதும் ஆட்டக்காரர்களையும் நீச்சல்காரர்களையும் ஒரே சராசரியில் கலப்பதும் வீண்.

2008-இல் அமெரிக்காவில் மேற்கு ஓரிகன், மத்திய வாஷிங்டன் பல்கலைக்கழகங்களின் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்றது) ஆட்டம். ஹோம் ரன் அடித்தால் பேஸ் எனப்படும் நிலைகளை எல்லாம் வரிசையாகத் தொட்டுச் சுற்றி வர வேண்டும். அப்படி அடித்த ஓரிகன் வீராங்கனை முழங்கால் காயத்தால் ஓட முடியாமல் விழுந்தார். அவரது அணியினர் தொட்டுத் தூக்கினால் அவர் அவுட். எதிரணியின் மல்லோரி ஹோல்ட்மன் நடுவரிடம், "நாங்கள் தூக்கிச் செல்லலாமா?" என்று கேட்டார். விதியில் தடை இல்லை. அவரும் ஒரு சக வீராங்கனையும் சுமந்து போய் ஒவ்வொரு பேஸிலும் காயம்படாத காலைத் தொட வைத்தார்கள். எல்லாரும் இதில் இரக்கத்தைப் பாராட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கேள்வி: அலசிப் பார்க்கும் பழக்கம் சில நொடிகளிலும் வேலை செய்யும்.

அதைப் பழக்க, நடுவர் இல்லாத பயிற்சி ஆட்டமே நல்ல வழி. தட்டை எறிந்து பிடித்து ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பி என்ற அணி ஆட்டத்தில் ஃபவுலை ஆட்டக்காரர்களே அறிவிக்கிறார்கள். எதிராளி ஏற்காவிட்டால் தட்டு எறிந்தவரிடமே திரும்பும். ஆட்டம் முடிந்ததும் ஓர் அணி மற்ற அணிக்கு விதியறிவு, உடல் மோதல், நியாய மனம், தன்கட்டுப்பாடு, பேச்சு என ஐந்து தலைப்பில் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும். வழக்கமான நல்ல ஆட்டத்துக்கு 2 தான். எல்லாவற்றுக்கும் 4 போட்டால் அது முகதாட்சண்யம்.

இந்த முறையை உங்கள் ஆட்டத்துக்கு மாற்றும்போது, அறிவிக்கும் பொறுப்பைக் கேப்டனிடம் கொடுக்காதீர்கள். பந்துக்கு அருகில் இருந்தவரே சொல்லட்டும். கேப்டனிடம் போனால், தள்ளிவிடுகிறவர்கள் எப்போதும் போலத் தள்ளிவிடுவார்கள்.