செல்லூர்க்காரிக்குக் கிடைத்த இரண்டாம் டிவிஷன்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வார்டில் எனக்குப் பேச்சுத் துணை கிடைத்ததே கால்பந்தால்தான். நான் மதுரை செல்லூர்க்காரி. எங்கள் பக்கம் கபடிதான் ஆட்டம். ரவுண்டானாவிலேயே கபடி வீரர்களுக்குச் சிலை வைத்திருக்கிறோம். உலகக் கோப்பை சமயத்தில் தம்பி ராத்திரி கண்விழித்து மேட்ச் பார்ப்பான், கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 2023 ஆரம்பத்தில் ஸ்டாஃப் நர்ஸாக அங்கே போனேன். அந்த வருஷம் மே 28ஆம் தேதி அந்த ஊர் அணியான லெஸ்டர் சிட்டி, முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது.

கடைசி ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமை 2-1 என்று ஜெயித்தும் பிரயோஜனமில்லை. அதே நேரத்தில் எவர்டன் போர்ன்மத்தை ஒரு கோலில் ஜெயித்து 36 புள்ளிகளோடு தப்பித்தது. லெஸ்டரிடம் 34தான். 2016இல் பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு 5000 தருகிறோம் என்று கேலியாகச் சொன்ன அணி சாம்பியன் ஆன ஊர் அது. தாய்லாந்து முதலாளி, வீரர்களுக்குத் தீர்த்தம் தெளிக்க வந்த புத்த பிக்கு என்று அந்த வருஷத்துக் கதைகளை நோயாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இறங்கிய மறுநாள் வார்டு சாவு வீடு மாதிரி இருந்தது.

அது எனக்குச் சாதகமாகத்தான் அமைந்தது என்று நினைக்கிறேன். ஜெயித்துக்கொண்டிருந்த ஊருக்குப் போயிருந்தால் அவர்கள் பெருமையைக் கேட்டுத் தலையாட்டுவதோடு சரி. இப்போதோ, அடுத்த சீசன் அட்டவணை வந்தபோது எல்லோருமே என்னைப் போலப் புதிதாக விசாரிக்க வேண்டியிருந்தது. ராதரம் எந்தப் பக்கம், பிளிமத்துக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. இங்கிலாந்தின் வரைபடம் எனக்கு மனசில் பதிந்ததே அந்தப் பேச்சில்தான்.

இரண்டாம் டிவிஷனுக்குப் பெயர் சாம்பியன்ஷிப். 24 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 46 ஆட்டங்கள். முதல் இரண்டு அணிகள் நேராக மேலே போகும்; அந்த சீசனில் மூன்றிலிருந்து ஆறு வரை இருந்தவர்கள் தங்களுக்குள் மோதி ஒருவர் போவார் என்பது ஏற்பாடு. கடைசி மூன்றும் இன்னும் ஒரு படி கீழே. சனிக்கிழமை ஆடிவிட்டுச் செவ்வாய் ராத்திரி மறுபடியும் ஆடுவார்கள். என் ஷிஃப்ட்டுகளும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் வந்தன.

சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை அந்த நாட்டு டிவியில் நேரலையாகக் காட்ட மாட்டார்கள். சின்னச் சின்ன ஊர் மைதானங்களுக்கு வரும் கூட்டம் குறைந்துவிடக் கூடாதே என்று 1960களிலிருந்து இருக்கிற ஏற்பாடு. அதனால் வார்டில் ரேடியோதான். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் தலையணைக்கும் காதுக்கும் நடுவில் சின்ன ரேடியோவைச் செருகிக்கொண்டு படுத்திருப்பார். பிரஷர் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால் வாயில் விரலை வைத்து "கொஞ்சம் இரு" என்பார். கார்னர் கிக் முடிந்த பிறகுதான் கை வரும். கோல் விழுந்தபின் எடுத்தால் கணக்கு ஏறித்தான் காட்டும், நானும் பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை எடுப்பேன்.

புது மேனேஜர் என்ஸோ மரெஸ்கா. முதல் 14 ஆட்டங்களில் 13ஐ ஜெயித்தார்கள். ஆனாலும் முணுமுணுப்பு ஓயவில்லை! பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருக்கிறான், முன்னால் போக மாட்டேன் என்கிறான் என்று குறை. மேலிருந்து வந்த அணி ஜெயித்தால் அது கடமை, தோற்றால் அவமானம். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் ஆரம்பத்துக்குள் மிடில்ஸ்பரோ, லீட்ஸ், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் மூன்று பேரிடமும் வரிசையாக உதை வாங்கியபோது, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றவர்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. செல்லூர்த் திண்ணையிலும் இதே ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரலில் சித்திரைத் திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தேன். மில்வாலிடமும் பிளிமத்திடமும் அடுத்தடுத்துத் தோற்றிருந்த நேரம். போனையே பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அப்பா விசாரித்தார். விளக்கினேன். பாராசூட் பணம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கீழே இறங்கும் அணிக்கு டிவி வருமானத்திலிருந்து மூன்று வருஷம் வரைக்கும் குறைத்துக் குறைத்துப் பணம் தருவார்கள். மேலே இருந்தபோது போட்ட சம்பள ஒப்பந்தங்களில் அணி மூழ்கிவிடாமல் இருக்க.

"தோத்தவனுக்குத் துட்டா? அப்ப ஏற்கெனவே கீழ கெடக்குறவனுக்கு என்னத்தா குடுக்குறாங்க?"

அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் ரொம்பக் கம்மி என்றேன். "அப்பறம் எப்படிம்மா அது சரிசமமான ஆட்டம்?" என்றார். இங்கிலாந்தில் பல கிளப்புகள் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அப்பா சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

23ஆம் தேதி அதிகாலையில் அழகர் வைகையில் இறங்கினார். அம்மா சொம்பில் சர்க்கரையை நிரப்பி, வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக் கையில் கொடுத்தார். துருத்தியில் பீய்ச்சிய தண்ணீரில் என் சூடம் அணைந்து, பக்கத்தில் நின்ற அக்காவின் சொம்பிலிருந்து பற்றவைத்துக்கொண்டேன். வீடு திரும்பிக் கால் வீங்கிப் படுத்தவள், ராத்திரி பன்னிரண்டரைக்கு எழுந்தேன். அங்கே இரவு எட்டு மணி. சவுத்தாம்ப்டனோடு ஆட்டம். லெஸ்டரில் இருக்கும் மலையாளத் தோழி வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு கோலுக்கும் கத்தி அனுப்பினாள். கானா நாட்டுப் பையன் அப்துல் ஃபத்தாவு, 20 வயசு, மூன்று கோல் போட்டான். 5-0.

வெள்ளிக்கிழமை லெஸ்டருக்கு ஆட்டமே இல்லை. ஆனால் லீட்ஸை குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் 4-0 என்று சாய்த்துவிட்டது. மார்ச்சில் நம்மை அடித்த அதே அணி! லீட்ஸால் இனி எட்டிப்பிடிக்க முடியாது என்ற கணக்கில் லெஸ்டர் பிரீமியர் லீக்குக்குப் போவது உறுதியானது. தம்பி நம்பவே இல்லை. "சும்மா உக்காந்திருந்தே மேல போயிட்டாங்களாக்கா?" என்றான். திங்கட்கிழமை பிரஸ்டனை 3-0 என்று ஜெயித்தபோது முதலிடமும் வந்தது. அதில் இரண்டு கோல் ஜேமி வார்டி, 37 வயசு, 2016 அணியிலும் இருந்தவர்.

மே 4ஆம் தேதி கடைசி ஆட்டத்துக்குள் லெஸ்டருக்குத் திரும்பிவிட்டேன். சொந்த மைதானத்தில் பிளாக்பர்னிடம் 2-0 என்று தோற்றுவிட்டு, 97 புள்ளிகளோடு கோப்பையைத் தூக்கினார்கள். பிளாக்பர்னும் 1995இல் பிரீமியர் லீக் சாம்பியனாக இருந்த அணிதான். அன்றைய வெற்றியால் மூன்றாம் டிவிஷனுக்குப் போகாமல் பிழைத்தது. ஒரே மைதானத்தில் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஆடிப் பாடியதை வார்டு டிவியில் ஹைலைட்ஸாகப் பார்த்தோம்.

மேலே போன லெஸ்டர் அங்கே ஒரு வருஷம்தான் நின்றது. 2025 ஏப்ரல் 20 அன்று லிவர்பூலிடம் ஒரு கோலில் தோற்று, ஐந்து ஆட்டம் மீதி இருக்கும்போதே மறுபடி இறங்கியது. அன்றைக்கு வீட்டுக்குப் போன் பேசியபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பாராசூட் துட்டு திரும்பவும் வருமா?"

வரும்ப்பா, ஒரே வருஷத்தில் இறங்கியதால் இந்தத் தடவை ரெண்டு வருஷத்துக்குத்தான் என்றேன்.