அமெரிக்கக் கதிர்வீச்சு நஷ்டஈடு: பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக அலைந்த கதை

அணுகுண்டுச் சோதனைக் கதிர்வீச்சால் நோய் வந்தவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுக்கும் நஷ்டஈட்டுக்கான மனு ஒருவழியாக வாஷிங்டனுக்குப் போய், மனு எண்ணோடு கடிதமும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தைராய்டு புற்றுநோய். 1945 ஜூலை 16 அன்று இங்கே நியூ மெக்சிகோவில், டிரினிட்டி என்ற சோதனைத் தளத்தில் அணுகுண்டு வெடித்தபோது டுலரோசா ஊர்ப் பக்கத்தில் கைக்குழந்தை. 1990-இல் வந்த நஷ்டஈட்டுச் சட்டம் நெவாடா சோதனைகளால் பாதிக்கப்பட்ட ஊர்களைச் சேர்த்தது. உலகத்தின் முதல் அணுகுண்டைப் பார்த்த நியூ மெக்சிகோக்காரர்களைச் சேர்க்க 2025 ஜூலை வரை ஆனது. இப்போது 1,00,000 டாலர். படிவம் நிரப்புவது பெரிய வேலையே இல்லை, காகிதம் சேர்ப்பதுதான் உயிரை வாங்குகிறது.

ஆஸ்பத்திரியில் பயாப்சி ரிப்போர்ட் கேட்டோம். கவுன்டரில் இருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பழைய ஃபைலெல்லாம் அழிச்சாச்சு" என்றார். அதையே எழுதிக் கொடுங்கள் என்றால், அதற்குத் தனி ஃபாரம், அதுவும் ஃபேக்ஸில்தான் வரணுமாம். லீவும் பெட்ரோலும் தண்டம். இந்த மாநிலத்தில் கண்டுபிடித்த புற்றுநோய் என்றால் மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டில் பெரும்பாலும் இருக்கும். நஷ்டஈட்டு அலுவலகம் அங்கே விசாரிக்க அனுமதி கொடுக்கும் படிவத்தில் முதலில் கையெழுத்து வாங்குங்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு அலையலாம்.

அடுத்த தலைவலி, 1944 செப்டம்பர் 24-க்கும் 1962 நவம்பர் 6-க்கும் நடுவில் ஒரு வருஷம் இங்கே இருந்ததற்கு ஆதாரம். ஞானஸ்நானச் சான்றிதழ் ஒரு நாளைத்தான் காட்டும். பள்ளி மார்க் ஷீட் ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள். பள்ளி வருஷம் சுமார் ஒன்பது மாதம், கோடை விடுமுறை இடிக்கும். எங்களிடம் இருந்தது 1951-ஆம் வருஷத்து ஷீட் ஒன்றே ஒன்று.

அந்த ஷீட்டோடு சேர்த்து ஒரு வருஷத்தைக் காட்டக் கைகொடுத்தது 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 72 வருஷம் பூட்டி வைத்து 2022 ஏப்ரலில்தான் வெளியிட்டார்கள், தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பெயரைப் போட்டுத் தேடினால் சிக்காது. எழுத வந்தவர் ஸ்பானிஷ் பெயரைக் காதில் விழுந்தபடி கிறுக்கியிருக்கிறார். டுலரோசா இருக்கும் ஒட்டேரோ கவுன்டியை (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எடுத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினோம். பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்த பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர் பெயரை வைத்துத்தான் தன் வீட்டைப் பிடித்தார். அப்பா, அம்மா, அண்ணன், கடைசி வரியில் ஐந்து வயதில் இவர்.

அந்த அண்ணனுக்கும் புற்றுநோய்தான். பிராஸ்டேட். நஷ்டஈடு கொடுக்கும் புற்றுநோய்ப் பட்டியலில் அது இல்லை. கூரையில் விழுந்த மழைத்தண்ணியைத் தொட்டியில் பிடித்து இரண்டு பேருமே குடித்திருக்கிறார்கள். இதை யாரிடம் போய்க் கேட்பது?

வக்கீல் கட்டாயமில்லை. வைத்தாலும் முதல் மனுவுக்கு 2 சதவீதம், நிராகரித்ததைத் திரும்பப் போட்டால் 10, அதற்கு மேல் வாங்கச் சட்டம் விடாது. ஒருத்தர் பாட்டிக்கே போன் போட்டுக் கால் பங்கு கேட்டார். இந்த 2 சதவீதக் கணக்கை நான் எடுத்ததும் லைன் கட்.

கடைசித் தேதி 2027 டிசம்பர் 31. கணக்கெடுப்பின் அதே பக்கத்தில் இருந்த இன்னொரு குடும்பத்தார் இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள். சிகிச்சை எடுத்தது கணவர் வீட்டுப் பெயரில் என்பதால், கல்யாணச் சான்றிதழின் முத்திரை போட்ட நகலோடு சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஜெராக்ஸ் வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன்.