ஜூலி மெஹ்ரெட்டுவும் ஒரு பழைய டிரேஸிங் ஷீட்டும்

கட்டட வரைபட வேலைக்கு நான் சேர்ந்த காலத்தில் எங்கள் அலுவலகத்துக்குக் கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருள் வந்திருக்கவில்லை. ஒளி ஊடுருவும் டிரேஸிங் ஷீட்டை மேஜையில் ஒட்டி, மைப்பேனாவால் பிளானும் எலிவேஷனும் (கட்டடத்தின் முகப்புத் தோற்றம்) போடுவோம். கோடு தப்பினால் பிளேடால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். எவ்வளவு பக்குவமாகச் சுரண்டினாலும் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் பழைய கோடு மங்கலாக அங்கேயே இருக்கும். அமெரிக்க ஓவியர் ஜூலி மெஹ்ரெட்டுவின் ஓவியத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது.

2018இல் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் அவருடைய ‘ஹவ்ல், இயான்’ என்ற தலைப்பிலான இரண்டு ஓவியங்களை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் 27 அடி உயரம், 32 அடி அகலம். கீழே நின்று பார்த்தால் கரும்புகையும் கொக்கி கொக்கியாகக் கோடுகளும்தான். படியேற ஏற அந்தக் கறுப்புக்குப் பின்னாலிருந்து வேறு நிறங்கள் எழுந்து வந்தன. எனக்குக் காரணமே தெரியாமல் நெஞ்சு படபடத்தது. அடுக்கின் அடியில் இருப்பது என்னவென்று பிற்பாடுதான் படித்தேன்: 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நிலக்காட்சி ஓவியங்களையும், அண்மைக் காலத் தெருக் கலவரங்களின் புகைப்படங்களையும் கணினியில் ஒன்றாகக் கலந்து, அடையாளமே தெரியாதபடி மங்கலாக்கி, அதன்மேல் வரைந்திருக்கிறார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பயன்பாட்டில் இல்லாத ஒரு தேவாலயத்துக்குள், தூக்கி மேடையில் நின்றபடி. அந்த உயரத்துக்கு வேறு எந்த அறை போதும்!

மெஹ்ரெட்டு 1970இல் அடிஸ் அபாபாவில் பிறந்தவர். அப்பா எத்தியோப்பியர், புவியியல் பேராசிரியர், அம்மா அமெரிக்கர். நாட்டில் ராணுவ ஆட்சியின் கொடுமை முற்றிய 1977இல் குடும்பம் மிச்சிகனுக்குப் போய்விட்டது. ஏழு வயதுப் பிள்ளை விட்டுவந்த ஊர் அப்புறம் எந்த மாதிரி மனத்தில் தங்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சில கட்டடங்கள் முழுசாக, சில வெறும் கோடாக, சில அழிந்தும் அழியாமலும். அவருடைய படங்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கின்றன.

வரைபட வேலை செய்யும் எங்களுக்கு அவர் செய்முறை சட்டென்று புரியும். முந்தைய படங்களில் கட்டட வரைபடங்களைப் புரொஜெக்டரில் கேன்வாஸ்மேல் விழவைத்து மையால் டிரேஸ் செய்தார். அதன்மேல் கண்ணாடி மாதிரித் தெளிவான அக்ரிலிக் பூச்சு. காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. இப்படி அடுக்கடுக்காகப் போவதால் எந்தக் கோடும் முற்றாக மறைவதில்லை, எந்தக் கோடும் தனியாக நிற்பதுமில்லை.

இந்த முறையில் அவர் தொட்ட உச்சம் 2012இல் ஜெர்மனியின் காஸல் நகரில், டாக்குமென்டா என்ற பெரிய சமகாலக் கலைக் கண்காட்சியில் வைத்த ‘மொகம்மா’ என்பேன். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் 15 அடி உயரம். மொகம்மா என்பது எகிப்தின் கெய்ரோ நகரில், தஹ்ரீர் சதுக்கத்தில் அரசு அலுவலகமாக இருந்த பிரம்மாண்டமான கட்டடம். பாஸ்போர்ட்டுக்கும் சான்றிதழுக்கும் எகிப்தியர்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய படிகள் அங்கே. 2011இல் முபாரக் ஆட்சிக்கு எதிராக அதன் வாசலில்தான் மக்கள் திரண்டார்கள். தஹ்ரீரின் கட்டடங்களோடு அடிஸ் அபாபாவின் மெஸ்கல் சதுக்கத்தையும், அதே ஆண்டு பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்து நியூயார்க் போராட்டக்காரர்கள் தங்கியிருந்த ஸுக்கோட்டி பூங்காவின் சுற்றுப்புறத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்திருக்கிறார். மூன்று ஊரின் ஜன்னல்களும் தூண்களும் பின்னிக்கிடக்க, மேலே கறுப்புத் தீற்றல்கள் கூட்டம் மாதிரி ஓடுகின்றன, நடுநடுவே அழித்த இடங்கள் புழுதியாகக் கிடக்கின்றன. அந்த அழிப்புதான் என்னை உலுக்குவது. எங்கள் தொழிலில் அழிப்பதென்றால் தவறு, யாருக்கும் தெரியக் கூடாது. இவர் அதையும் வரைவதாகவே செய்கிறார்.

“இது நம்ம வீட்டுக் குழந்தை கிறுக்கினது மாதிரி இருக்கே” என்று தங்கை வீட்டுக்காரர் சொன்னார். கோபமாக வந்தது. மூன்று ஊரின் எலிவேஷனைக் கை நடுங்காமல் இழுத்துவிட்டு, அதன்மேல் மையைத் துணிந்து வீச எத்தனை வருடப் பயிற்சி வேண்டும்!

2024இல் இவர் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துக்கு 20 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தார், 25 வயதுக்குட்பட்டவர்கள் கட்டணமில்லாமல் போய்ப் பார்க்கட்டும் என்று. அதைப் படித்த அன்று, எங்கள் அலுவலகத்தில் வேலை பழகும் பிள்ளைகளைக் கூப்பிட்டு மொகம்மாவைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தி கிட்டே வந்து, விரலால் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், “மேடம், இங்க ஒரு ஆர்ச் இருக்கு, பாருங்க” என்றாள்.