இரண்டரை நாள் தின்ற டாம்கேட் பத்து

புது டீமில் சேர்ந்த அன்று, அவர்களுடைய ஜாவா வெப் ப்ராஜெக்டை என் மெஷினில் ஓட்டுவதற்கென்று கையில் கொடுத்த குறிப்பில் நாலே வரி. ஜேடிகே போடவும், டாம்கேட் போடவும், எக்லிப்ஸ் போடவும், மைஎஸ்க்யூஎல் போடவும். ஜேடிகே என்பது ஜாவாக் கருவித்தொகுப்பு, டாம்கேட் ப்ராஜெக்டை ஓட்டும் சர்வர், எக்லிப்ஸ் கோட் எழுதும் இடம், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். எந்த வெர்ஷன் என்று ஒரு எண்கூட இல்லை. நானும் கேட்கவில்லை. புதுசுதானே நல்லது என்று ஜேடிகே 21, டாம்கேட் 10.1 என்று இறக்கிக்கொண்டேன். அன்று மதியமே ஓடும் என்று நினைத்த ப்ராஜெக்ட் மூன்றாம் நாள் மதியம்தான் ஓடியது.

முதல் அடி மேவனில், அதாவது வேண்டிய லைப்ரரிகளை நெட்டிலிருந்து இறக்கி ப்ராஜெக்டை பில்ட் செய்யும் கருவியில். பில்ட் கொடுத்ததும் ‘பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்’. எதிரே நீட்டிய சான்றிதழை நம்ப முடியவில்லை என்று அர்த்தம். நெட்டுக்குப் போகும் வழியில் நிற்கும் ஆபீஸ் ப்ராக்ஸி சர்வர் நடுவில் புகுந்து தன் சான்றிதழை நீட்டுகிறது. ஜாவாவுக்கு அது யாரென்றே தெரியாது. சான்றிதழ் ஃபைலைக் கேட்டு நெட்வொர்க் ஆட்களிடம் போனால், “பிரவுசர்ல அந்த சைட் ஓப்பன் ஆகுதே, அப்புறம் என்ன?” என்றார் ஒருவர். பிரவுசர் விண்டோஸ் வைத்திருக்கும் நம்பகச் சான்றிதழ்ப் பட்டியலைப் பார்க்கிறது, ஜாவா தனக்கென்று ‘கேசர்ட்ஸ்’ என்று ஒரு ஃபைல் வைத்திருக்கிறது என்று விளக்கி, டிக்கெட் போட்டு, மேனேஜர் ஒப்புதல் வாங்கி, ஃபைல் கைக்கு வரும்போது சாயங்காலம் ஐந்தரை. ஜாவாவின் கீடூல் கட்டளையில் அதை கேசர்ட்ஸில் ஏற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாஸ்வேர்ட் ‘சேஞ்ச்இட்’. மாற்று என்று அதுவே கெஞ்சுகிறது, யாரும் மாற்றுவதில்லை.

ஏற்றிய பிறகும் சில ஜார்கள், அதாவது லைப்ரரி ஃபைல்கள், வரவில்லை. ஒருமுறை இறக்க முடியாமல் போனதை மேவன் தன் எம்2 ஃபோல்டரில் ‘லாஸ்ட் அப்டேட்டட்’ என்ற வாலோடு குறித்து வைத்துக்கொள்ளும். உடனே மறுபடி போய்க் கேட்காது. கட்டளையோடு பெரிய எழுத்தில் ‘-யூ’ சேர்த்துக் கொடுங்கள், கேட்கும்.

இரண்டாம் நாள், ‘ஜாவாக்ஸ் எக்ஸ்எம்எல் பைண்ட்’ என்ற பேக்கேஜ் இல்லை என்று பில்ட் நின்றது. ஜாவா 11-இலேயே அதைத் தூக்கிவிட்டார்கள். எங்கள் ப்ராஜெக்டோ ஜாவா 8 காலத்தது. சரி, 8-ஐயும் போட்டேன். போட்டதும் நேற்று ஒழித்த பிகேஐஎக்ஸ் திரும்ப வந்து நின்றது. ஒவ்வொரு ஜேடிகேவுக்கும் தனித்தனி கேசர்ட்ஸ் என்பது அப்போதுதான் உறைத்தது. நேற்றைய கட்டளையும் எடுபடவில்லை, ஏனென்றால் ‘-கேசர்ட்ஸ்’ என்ற சுருக்கம் ஜாவா 9-இல்தான் வந்தது. 8-இல் ஜேஆர்இ, லிப், செக்யூரிட்டி என்று முழுப் பாதையையும் எழுத வேண்டும். இன்னொன்று: ‘ஜாவா -வெர்ஷன்’ காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். மேவன் ஜாவா ஹோம் என்ற செட்டிங்கைப் பார்த்துப் போகிறது. ‘எம்விஎன் -வெர்ஷன்’ கொடுத்தால்தான் உண்மை தெரியும். எனக்கு இதில் ஒரு மணி நேரம் போனது.

அப்புறம் டாம்கேட். ஜாவா 8-இல் அது எழவே இல்லை. கிளாஸ் வெர்ஷன் 55, எனக்கு 52 வரைதான் படிக்கத் தெரியும் என்று ஜாவா கையை விரித்தது. 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11. அங்கேயாவது நின்று யோசித்திருக்க வேண்டும். நானோ பெரிய சாமர்த்தியம் போல எக்லிப்ஸில் டாம்கேட்டுக்கு மட்டும் 21-ஐக் காட்டிவிட்டேன். எழுந்துவிட்டது. லாகின் பக்கம்கூட வந்தது. பட்டனை அழுத்தினால் 404, அப்படி ஒரு பக்கமே இல்லை என்று.

டாம்கேட்டின் லாக் ஃபைலில் ஒரு எரர் இல்லை. அதுதான் கொடுமை. எக்லிப்ஸிலிருந்து டாம்கேட்டை எழுப்பி வெறும் 8080 போர்ட்டுக்குப் போனால் 404 வருவது சகஜம், டாம்கேட்டின் வழக்கமான பூனைப் பட வரவேற்புப் பக்கம் அங்கே இருக்காது. இது எனக்கு முன்பே தெரியும் என்பதால் இதுவும் ஏதோ பாதைக் கோளாறு என்றே முடிவு கட்டினேன். யூஆர்எல்லை மாற்றி மாற்றிப் பார்த்து, வொர்க்ஸ்பேஸையே அழித்து மறுபடி போட்டு, இரவு எட்டரை.

மறுநாள் லீவு முடிந்து வந்த சீனியர் ஒருவர் டீக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். “தம்பி, ஃபோல்டர் பேர்லயே பத்துன்னு இருக்கே. நம்ம கோட் எல்லாம் ஜாவாக்ஸ். ஒன்பதைப் போடுங்க.” அவ்வளவுதான், டீக்குப் போய்விட்டார்.

ஆரக்கிள் 2017-இல், சர்வர் பக்க ஜாவாவுக்கான ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. அதன் பேக்கேஜ்களின் ஜாவாக்ஸ் என்ற பெயரை மட்டும் ஃபவுண்டேஷன் இஷ்டத்துக்கு நீட்டிக்க விடவில்லை. அதனால் 2020-இல் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் பேக்கேஜ் பெயர்களே ‘ஜகார்த்தா’ என்று மாறின. டாம்கேட் 10 அந்தப் பக்கம் போய்விட்டது. பிரவுசர் கேட்பதற்குப் பதில் சொல்லும் ஜாவாக் கோடுக்கு சர்வ்லெட் என்று பெயர். டாம்கேட் 10 ஜகார்த்தா என்று குறியிட்ட சர்வ்லெட்டைத்தான் தேடும். எங்கள் சர்வ்லெட்டுகள் எல்லாம் ஜாவாக்ஸ் குறியோடு இருந்ததால் அவை அதன் கண்ணில் படவே இல்லை. கண்ணில் படாததற்கு எரர் எப்படி வரும்? லாகின் பக்கம் ஜேஎஸ்பி என்ற பக்க வடிவம்; அதை டாம்கேட்டே மொழிபெயர்த்துக்கொள்வதால் லாகின் பக்கம் மட்டும் வந்து என்னை ஏமாற்றியிருக்கிறது.

ஒன்பதைப் போட்டேன், ஜாவா 8-ஐயே காட்டினேன், பத்து நிமிஷத்தில் சர்வ்லெட் பதில் சொன்னது. கடைசியாக மைஎஸ்க்யூஎல் ஒரு கை பார்த்தது: ‘இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்’ என்றால் என்னவென்று, ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் எங்கள் பழைய கனெக்டருக்குப் புரியவில்லையாம். டேட்டாபேஸின் முகவரியான ஜேடிபிசி யூஆர்எல்லில் சர்வர் டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தா என்று சேர்த்ததும் அடங்கியது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு கொல்கத்தா என்று எழுதினால்தான் லாகின் ஆகிறது.

அந்த நாலு வரிக் குறிப்பில் வெர்ஷன் எண்களைச் சேர்த்துவிடலாம் என்று திறந்தேன். எனக்குப் படிக்க மட்டும்தான் அனுமதி. டிக்கெட் போட்டிருக்கிறேன்.