முகப்புத் தாளில் போன இரவு

பாரிஸை ஒட்டிய க்ரெத்தெய் கல்வி வட்டாரத்தில் ஒப்பந்த ஆசிரியையாக நாலு வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தாயிற்று. இந்த முறை உள் 'கபேஸ்' எழுதுகிறேன், ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் நிரந்தர ஆசிரியராவதற்கான போட்டித் தேர்வு. முதல் கட்டத்தில் உட்கார்ந்து எழுதும் தேர்வு கிடையாது, அனுபவத்தை விவரிக்கும் 'ராயெப்' கோப்புதான். பணிப் பாதைக்கு 2 பக்கம், நடத்திய ஒரு பாடத்தை அலசுவதற்கு 6 பக்கம். ஆரியல் 11, இரு பக்கமும் 2.5 செ.மீ. ஓரம். பதினோரு பக்கம் எழுதிவிட்டு வெட்டி வெட்டி அழுதது தனிக் கதை.

சரி, எல்லாம் முடிந்தது, முகப்புத் தாள் ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். 'குடும்பப் பெயர்' கட்டத்தில் கை தானாகக் கணவர் பெயரை அடித்துவிட்டது. தேர்வுக்குப் பதிந்ததோ பிறந்த வீட்டுப் பெயரில். புதுச்சேரியில் 1881 ஆணைப்படி 'ரெனோன்சான்' ஆன, அதாவது சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற, எங்கள் பாட்டன் ஒருவர் எடுத்துக்கொண்ட பெயர் அது. கணவர் வீட்டிலோ குடும்பப் பெயரே கிடையாது, மாமனார் பெயர்தான் அந்த இடத்தில் நிற்கிறது. அதை நான் சுமப்பதை நினைத்தால் இன்றும் சிரிப்புதான்.

கவனித்தது கணவர்தான், தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது. "யாருடி இது, எங்கப்பா தேர்வு எழுதுறாரா?"

திருத்தி மறுபடி பீடிஎஃப் ஆக்கியபோது மணி ஒன்றரை.