பின்வாசல்

ஊத்தங்கரைப் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் நாங்கள் கட்டும் அரசு வீடுகளுக்கு, அங்கே குடியிருக்கும் ஓர் ஐயா பின்வாசல் கேட்ட நேரத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு மட்டும்தான் இருந்தது. கோடாக இருக்கும்வரை வீட்டில் எதையும் மாற்றலாம், பைசா செலவில்லை. கடக்கால், அதாவது அஸ்திவாரம், ஏறிய பிறகும் பெரிய நஷ்டமில்லை, கல் கட்டு எப்படியும் கதவுக்கு அடியிலும் தொடர்ந்து ஓடத்தான் போகிறது. பிளாக் நாலு வரிசை ஏறிவிட்டால் உடைக்க வேண்டியிருக்கும். கதவு, ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் லிண்டல் போட்ட பிறகு கேட்டால் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"தம்பி, குசினிக்குப் பின்னால ஒரு கதவு விடலாமே? நாங்கள் எரிக்கிறது விறகு அடுப்பு. புகை முன்வாசலாலதான் போகவேணுமெண்டா உள்ளுக்க இருக்கேலாது."

"எஸ்டிமேட்டுல இல்லீங்க ஐயா. பின்னாடி பைப் லைன் வேற போவுது."

"கிளிநொச்சியில என்ர தங்கச்சி வீட்டுக்கு, கதவு எங்க வைக்கிறதெண்டு அவதான் சொன்னவ."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பைப் லைன் என்று சொன்னது சாக்கு அல்ல. நான்கு வீடு சேர்ந்தது ஒரு தொகுப்பு. நான்கு கழிப்பறைத் தண்ணீரும் பின்சுவரை ஒட்டி ஒரே நாலு அங்குலக் குழாயில் ஓடி, கடைசியில் செப்டிக் டேங்கில் விழ வேண்டும். அறுபது அடிக்கு ஓர் அடியாவது சரிவு வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் ஓடிவிடும், கழிவு நின்றுவிடும். மண் உள்ள ஊரில் ஆழமாகத் தோண்டிப் புதைத்துவிடலாம். ஊத்தங்கரைப் பக்கம் இரண்டு அடி தோண்டினால் கடப்பாறை பாறையில் மோதும். அதனால் குழாய் மேலாகவே போகிறது, தொடக்கத்தில் அதன் தலைமேல் முக்கால் அடி மண்கூட இல்லை. கதவு வைத்தால் படி வரும். படி வந்தால் அதன் பாரம் நேரே குழாயின் மேல் இறங்கும்.

அன்றைக்கு மனதில் ஓடியதும் வேறு கவலை. இந்தப் பகுதியில் பல முகாம்கள் அணைக்கட்டை ஒட்டித்தான் இருக்கின்றன. அணை வேலையின்போது கொட்டிய மண் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. இந்தத் தொகுப்பின் ஒரு முனை பாறையில் உட்கார்ந்தது, மறுமுனை கொட்டுமண்ணில். அப்படியே கட்டினால் மண் பக்கம் மட்டும் கொஞ்சம் இறங்கும். இரண்டு மழைக்காலத்துக்குள் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பூச்சு வேலையால் அதை மறைக்கலாம், நிறுத்த முடியாது. கொட்டுமண்ணை முழுக்க எடுத்து, கெட்டியான சரளை வரும்வரை இறங்கி, கடக்காலைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். அதன் தலைமேல் ஓடும் கான்கிரீட் பெல்ட்டில் 12 எம்எம் கம்பி நான்கு, ஆறு அங்குலத்துக்கு ஒரு 8 எம்எம் ரிங், நான்கு வீட்டையும் சுற்றி எங்கும் அறுபடாமல். இதைச் செய்துகொண்டிருப்பவரிடம் சுவரில் இன்னொரு திறப்பு கேட்டால் வேண்டாம் என்றுதான் வரும். மூலையிலிருந்து இரண்டடி தள்ளி, மேலே லிண்டல் ஒழுங்காகப் போட்டால் இரண்டரை அடிக் கதவு அந்தச் சுவரை ஒன்றும் செய்யாது என்பதும் தெரிந்ததுதான்.

தங்கச்சி வீடு பற்றி அவர் சொன்னதும் முழுக்க உண்மை. போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியில் சுமார் 45,000 வீடுகள், வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளும் முறையில் வந்தன. புதிய வீட்டுக்கு அந்நாட்டுப் பணத்தில் ஐந்தரை லட்சம், வேலை ஏற ஏறத் தவணையாக வங்கிக் கணக்கில். சுமார் 550 சதுர அடி. 2016 வாக்கில் 65,000 இரும்பு வீடுகளை ஒரே நிறுவனத்திடம் கட்டக் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது அங்கே அவ்வளவு எதிர்ப்பு வந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெயிலுக்கு ஒத்துவராத வீடு, ஒன்றுக்கு இருபது லட்சத்துக்கு மேல் விலை, அதில் ஊர்க் கொத்தனாருக்கு வேலையும் இல்லை.

ஆனால் பணத்தைக் கையில் கொடுத்தால் பாரமும் அதே கைக்கு வந்துவிடுகிறது. ஊரே ஒரே நேரத்தில் கட்டும்போது மணல் விலை ஏறும், மேசன் கிடைக்க மாட்டார். அடுத்த தவணை வரச் சுவர் ஏறியிருக்க வேண்டும், சுவர் ஏறப் பணம் வேண்டும். கணவனைப் போரில் இழந்த பெண் சிமெண்ட் மூட்டைக்கும் அலைய வேண்டும், கூலிக்கும் பேரம் பேச வேண்டும். பிள்ளைகளுக்கு என்று ஓர் அறை கூடுதலாகப் போட்டுக் கடனில் விழுந்த குடும்பங்கள் உண்டு. இங்கே அந்த அலைச்சல் எதுவும் இல்லை. 2021-ல் தமிழக அரசு முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. ஒவ்வொன்றும் 300 சதுர அடி. சாவி கைக்கு வரும்வரை குடும்பம் ஒரு ரூபாய் போட வேண்டாம். பழைய பத்துக்குப் பத்து அறையில் முப்பது வருடம் இருந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இடமும் அரசு இடம். பட்டா இல்லாதவர் கணக்கில் பணம் போட்டுக் கட்டச் சொல்வது எளிதல்ல. இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. அவர் கேட்டது பணமோ பட்டாவோ இல்லை, ஒரு கதவு.

குடியேறிய பிறகு சிலர் தாங்களே பின்வாசல் வைத்துக்கொண்டார்கள். குசினி ஜன்னலைக் கழற்றிவிட்டு அதன் கீழ்ச் சுவரைத் தரைவரை அறுத்தார்கள். பார்த்தபோது சரியான இடத்தில்தான் கை வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு மேல் லிண்டல் ஏற்கனவே இருக்கிறது, அகலத்தைக் கூட்டாதவரை சுவருக்கு ஆபத்தில்லை. சம்மட்டி போடாமல் கட்டிங் மெஷினால் அறுத்தால் பக்கத்துப் பிளாக்கும் அதிராது, தரையோடு பெல்ட் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் படிக்காகக் கொட்டிய கான்கிரீட் குழாயை நசுக்கி, நான்கு வீட்டுக் கழிவும் பின்னால் தேங்கியது. உடைந்த துண்டை மாற்றி, குழாய்க்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல் கட்டி, அதன் மேல் மூன்றடிக் கருங்கல் பலகையைப் பாலம்போலப் போட்டோம். பாரம் இப்போது குழாயைத் தொடுவதில்லை. இந்த ஊரில் கல்லுக்குப் பஞ்சமும் இல்லை.

அடுத்த வரிசைக்குக் கோடு போடும்போது குழாயைப் பின்சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி வரைந்து, குசினிக் கதவையும் சேர்த்து அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். தள்ளிப் போட்டால் நடுவில் ஒரு பாறை முகடு குறுக்கே வருகிறது, அதை உடைக்கும் கூலியைக் கதவு விலையோடு சேர்த்தால் வீட்டுக்கு எவ்வளவு கூடும் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். கடக்கால் தோண்டும் ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள்.